அரை லிட்டர்

கானாடுகாத்தானிலிருந்து செக்காலை ரோடு வரை
ஒன்றேகால் மணி நேரம்
ஊர்ந்து வந்திருக்கிறார் உமையாள் ஆச்சி.
ஆச்சி என்பது மரியாதைக்கு.
என்னைவிட நாலு வயது சின்னவர்.

வண்டி லிங்கன். எழுபத்தெட்டு மாடல்.
கல்யாண ஊர்வலத்துக்கும்
படம் பிடிக்க வருகிறவர்களுக்கும்
நாள் வாடகைக்குப் போவது.
"திரும்பவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது" என்றார்.
"எங்க மச்சான் மாதிரி" என்றான் ஸ்பேனர் கழுவிக்கொண்டிருந்த அந்தோணி.

திருச்சியில் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியாயிற்று.
மதுரையில் ஸ்டியரிங் பெட்டி.
இரண்டு ஊரிலும்
பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்கிற அதே பம்ப்தான்
பிரேக்குக்கும் முட்டுக் கொடுக்கிறது.
ஒரு கிணறு, இரண்டு வாய்க்கால்.
இரண்டும் ஒரே நாளில் வறண்டால்
வாய்க்காலைத் தூர்வாரி என்ன?

என்ஜினை அணைத்தேன்.
ஐந்தாறு மிதி மிதித்து
மிச்சமிருந்த அழுத்தத்தைத் தீர்க்கப் பார்த்தேன்.
தீர்க்க ஒன்றும் இல்லை. முதல் மிதியே கல்.
காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன்.
நல்ல வண்டியென்றால் பெடல் சற்று அமிழும்,
பிறகு பாதத்தை மேலே தள்ளும்,
தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் மாதிரி.
இது புரளவில்லை.

பெல்ட்டை விரலால் அமுக்கினேன். இறுக்கம் சரி.
குழாய் மூட்டுகளைத் துணியால் துடைத்து, காத்திருந்து,
மறுபடி தொட்டேன். ஈரமில்லை.
டப்பா மூடியைத் திறந்தால்
கருப்பட்டிக் காபி நிறத்தில் நுரை.
சிவப்பாய் இருக்க வேண்டிய எண்ணெய்.
ஒரு சொட்டு எடுத்து முகர்ந்தேன்.
லேசான மீன் கவிச்சி.

பிரேக் ஆயில்.
இந்த வாயில் அதை ஊற்றவே கூடாது.
பம்பிலும் பூஸ்டரிலும் ரப்பர் சீல் அத்தனையும்
ஊறவைத்த கொண்டைக்கடலையாய் உப்பியிருக்கும்.

"எந்த முட்டாப்பய செஞ்ச வேலை இது?"
சத்தமாகவேதான் கேட்டேன்.
பக்கத்து டயர்க்கடை வரை கேட்டிருக்கும்.

ஆச்சி டேஷ்போர்டிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்துவிட்டு
பஸ் பிடிக்கப் போய்விட்டார்.
வண்டி வாங்கிய நாளிலிருந்து எல்லா ரசீதும்
தேதி வரிசையில், கிளிப் போட்டு.
சாப்பாட்டுக்கு முன்னால் புரட்டினேன்.
மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு முகூர்த்த நாள்.
"பிரேக் இறுக்கம். ஆயில் அரை லிட்டர். ரூ. 180."

எழுத்து எனக்குத் தெரிந்தது.
ர-வுக்கு அப்படி வால் இழுக்கிறவன்
இந்த ரோட்டில் ஒருவன்தான்.
அன்று தூறல். மாப்பிள்ளை காத்திருந்தார்.
இறுக்கம் பிரேக்கில் என்றால் ஆயில் பிரேக்குக்கு.
அவ்வளவுதான் யோசித்திருக்கிறேன்.

சாப்பிடவில்லை.

சென்னையிலிருந்து சீல் வந்துசேரப் பதினொரு நாள்.
அழுத்தம் சேமிக்கும் குப்பியும் செத்திருந்தது, அதையும் மாற்றி
முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி
என்ஜின் ஓடாமலே ஸ்டியரிங்கை
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நாற்பது தடவை திருப்பினோம்.
குமிழ் வந்தது, வந்தது,
பிறகு வரவில்லை.
எண்ணெய் மாதுளை நிறத்தில் தெளிந்தது.
சாவியைத் திருப்பினேன்.
பெடல் அமிழ்ந்து, புரண்டு,
என் பாதத்தைத் தள்ளியது.

பில்லில் சாமான் விலை எழுதினேன்.
கூலி: இல்லை.
"ஏன் இல்லை?" என்றார் ஆச்சி.
பழைய ரசீதை மேலே வைத்தேன்.

நெடுநேரம் படித்தார்.
மூன்று வரி ரசீது அது.
பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார்.
"இந்த நூத்தியெண்பதைக் கழிக்கலையே.
மூணு வருஷம். நூத்துக்கு மாசம் ஒண்ணு.
அறுபத்துநாலு ரூபா எண்பது பைசா வட்டி."
இரண்டையும் கழித்து, அடிக்கோடு போட்டு,
மீதியை எண்ணி வைத்தார், எண்பது பைசா சரிக்கட்டாமல்.

லிங்கன் ரோட்டில் இறங்கியது.
மூலையில் ஆடு குறுக்கே வர, பின்விளக்கு சிவந்து
நின்றது. திரும்பியது.
ஒற்றைக் கையால் திருப்பினார், பார்த்தேன்.

அந்தோணி ஸ்பேனர் கழுவிக்கொண்டிருந்தான்.
அந்த முட்டாப்பய யாரென்று
அவன் இன்னும் கேட்கவில்லை.